எந்தக் கிளைக்கும் தாவலாம் என்றால் தேர்வுக்கு என்ன எடை? (வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டு)

வாசகர் கேள்வி, ஜூன் 2

கிளை பிரியும் கதை என்று கேள்விப்பட்டுத்தான் இந்த கேமை வாங்கினேன். மெனுவைத் திறந்தால் கதை முழுவதையும் மரம் மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். எந்த முடிச்சைத் தொட்டாலும் அங்கே போய்விடலாம். ஒருவரை ஏமாற்றினேன், விளைவு பிடிக்கவில்லை, உடனே பின்னால் போய் ஏமாற்றாமல் ஆடினேன். இதில் என் முடிவுக்கு என்ன மதிப்பு? இதற்குப் பெயர் தேர்வா, சேனல் மாற்றுவதா?

ஜூன் 3, காலை

சேனல் மாற்றினால் பழைய சேனலில் பார்த்தது புதிய சேனலுக்குள் வராது. இந்த கேமில் வரும். அதனால் அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை.

ஒரு கிளையில் போய்க்கொண்டே இருப்பீர்கள். திடீரென்று கதை நின்று 'தொடரும்' என்று திரையில் விழும். நீங்கள் சாகவில்லை, தோற்கவும் இல்லை. மேலே போக ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த விஷயம் வேறொரு கிளையில் எங்கோ கிடக்கும். அங்கே போய்த் தெரிந்துகொண்டு திரும்பினால் பூட்டு திறந்திருக்கும். கதாநாயகன் சிக்மா தனக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லாத ஒன்றைச் சொல்லுவான். சொல்லிவிட்டு அவனே திகைத்து நிற்பான். முதல் தடவை அது நடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் தகவலை அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தது நான்தானே!

அந்த மரப்படத்தை எடுத்துவிட்டால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. உங்களுக்கு இன்னும் முதல் 'தொடரும்' வரவில்லை என்று நினைக்கிறேன். வந்த பிறகு இந்தக் கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.

ஜூன் 3, இரவு

விளையாடாதவர்களும் படிக்கிறார்கள் போல. சரி, விதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது பேரைக் கடத்திக்கொண்டுவந்து ஓரிடத்தில் அடைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கைப்பட்டை, அதில் தொடக்கத்தில் 3 புள்ளி. புதிர் அறை ஒன்றை முடித்ததும் ஓட்டு நடக்கும். 'கூட்டு' அல்லது 'துரோகம்', இரண்டில் ஒன்று. இரு தரப்பும் கூட்டு என்றால் இருவருக்கும் 2 கூடும். ஒருவர் கூட்டு, மற்றவர் துரோகம் என்றால் துரோகம் செய்தவருக்கு 3 கூடும், நம்பியவருக்கு 2 குறையும். இருவருமே துரோகம் என்றால் ஒன்றும் மாறாது. ஓட்டே போடாவிட்டால் கூட்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். 9 புள்ளி சேர்ந்தால் ஒன்பதாம் எண் கதவு வழியாக வெளியே போகலாம். அந்தக் கதவு ஒரே ஒரு முறைதான் திறக்கும். புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கினால் கைப்பட்டையே ஊசி போட்டுக் கொன்றுவிடும்.

ஆக, வெளியேற மூன்று சுற்று தேவை.

ஜூன் 4

நேற்றைய கடைசி வரி தவறு. ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி.

மூன்று சுற்று என்பது ஒருவரையொருவர் நம்புகிறவர்களுக்கு: 3, 5, 7, 9. ஏமாற்றுகிறவருக்கு இரண்டே சுற்று போதும்: 3, 6, 9. இதை எழுதிப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு முறை ஏமாறுகிறவரின் கணக்கு 3, 1, அப்புறம் பூஜ்யத்துக்கும் கீழே. ஒரே ஆளை ஒருவர் இரண்டு முறை ஏமாற்றினால், அவர் கதவருகே போய் நிற்கும் நேரத்தில் ஏமாந்தவர் உயிரோடு இருக்க மாட்டார். யாரும் வாயைத் திறந்து மிரட்ட வேண்டியதில்லை. புள்ளிக் கணக்கே மிரட்டுகிறது.

எதிராளி கூட்டு போட்டால் எனக்குத் துரோகத்தில் 3, கூட்டில் 2. எதிராளி துரோகம் போட்டால் எனக்குத் துரோகத்தில் பூஜ்யம், கூட்டில் 2 நஷ்டம். எப்படிப் பார்த்தாலும் துரோகம்தான் லாபம். ஆனால் எல்லோரும் அதையே போட்டால் ஒருவரும் வெளியே போக முடியாது, 3 புள்ளியோடு அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஜூன் 6

எடை என்று கேட்டீர்கள். எனக்கு எங்கே கனத்தது என்று சொல்கிறேன்.

டென்மியோஜி என்று ஒரு முதியவர் வருவார். குவார்க் என்ற சின்னப் பையன் அவரோடு இருப்பான். நான் முதலில் தேர்ந்தெடுத்த கதவுக்குப் பின்னால் என்னோடு வந்தவர் அவர். ஒரே அறைக்குள் இழுப்பறைகளைத் திறந்து, சுவரில் இருப்பதைப் படித்து, எண்களைப் பொருத்திப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நான் மாட்டிக்கொண்டு நின்றபோது கூட இருந்தவர்கள் பேசிப் பேசித்தான் அடுத்த துப்பு கிடைத்தது. அந்த அறையை முடித்து வெளியே வந்ததும், அவருக்கு எதிராகவே ஓட்டு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை, "துரோகத்தைப் போடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் கிழவர், பையன் சின்னவன், என்னிடம் 3 புள்ளி, அவரிடமும் 3. நான் என்ன போட்டேன், அவர் என்ன போட்டார் என்பதைச் சொல்ல மாட்டேன். இனிமேல் ஆடப்போகிறவருக்கு அது தெரியாமல் இருக்க வேண்டும்.

நாவல், தப்பிக்கும் புதிர், ஓட்டு என்று மூன்று வகையை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று விமர்சனங்களில் படித்திருப்பீர்கள். ஒட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. புதிர் அறை என்பது ஒரு மனிதரோடு பழகுவதற்கான இடம். பழகிய அதே மனிதரை அடுத்த நிமிடம் எடைபோட வைப்பது ஓட்டு. அந்த முடிவு என்ன ஆயிற்று என்று சொல்வது நாவல். மூன்றில் ஒன்றை உருவினாலும் மற்ற இரண்டும் சும்மா நிற்கும்.

என் தங்கையோடு எந்த ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளாதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 7

இதற்கு முந்தைய பாகத்தை ஆட வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கட்டாயம். 'நைன் ஹவர்ஸ், நைன் பெர்சன்ஸ், நைன் டோர்ஸ்', 2009. எல்லோரும் 999 என்றே சொல்வார்கள். இரண்டையும் எழுதி இயக்கியவர் கோட்டாரோ உச்சிகோஷி. வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டு 2012இல் நின்டெண்டோ 3டிஎஸ், பிளேஸ்டேஷன் வீட்டா இரண்டிலும் வந்தது. 2017இல் இரண்டு பாகத்தையும் ஒரே தொகுப்பாகப் பிளேஸ்டேஷன் 4, வீட்டா, கணினி என்று கொண்டுவந்தார்கள். நான் ஆடியது பிளேஸ்டேஷன் 4இல்.

முதல் பாகத்தை விட்டுவிட்டு இதை ஆடினால் கதை புரியும். ஆனால் சில பெயர்கள் வரும்போது வர வேண்டிய அதிர்ச்சி வராது. முதல் பாகத்திலும் இதே மரப்படம் உண்டு, பழகிக்கொள்ளலாம்.

ஜூன் 8

மறுபடியும் திருத்தம். 999இல் மரப்படம் முதலில் இல்லையாம், பின்னால் வந்த பதிப்புகளில்தான் சேர்த்திருக்கிறார்கள். நான் 2017 தொகுப்பில் ஆடியதால் அது எப்போதுமே இருந்தது என்று நினைத்துவிட்டேன். 999 முதலில் வந்த கையடக்கக் கருவியான நின்டெண்டோ டிஎஸ்ஸில் ஆடிய ஒருவர் எழுதியது: கதையின் பல முடிவுகளில் ஒன்றைப் பார்த்த பிறகு தொடக்கத்திலிருந்துதான் மறுபடி ஆட வேண்டும். ஏற்கனவே படித்த வசனங்களை வேகமாக ஓட்டலாம். ஏற்கனவே தீர்த்த புதிர் அறைகளை மறுபடி தீர்த்தே ஆக வேண்டும்.

இது நம் கேள்வியையே மாற்றிவிடுகிறது. உண்மையான முடிவைப் பார்க்க அதற்கு முன் இன்னொரு முடிவைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு முறை முதலிலிருந்து நடந்தே ஆக வேண்டும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி வழி வந்த பிறகு அது மறுபடி முருங்கை மரம் ஏறுமே, அந்த அலுப்பு. அந்த அலுப்பில் ஒரு எடை இருக்கத்தான் செய்கிறது. அத்தை மகனிடம் பழைய டிஎஸ் கிடக்கிறது, இரவல் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 12

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். முதல் 'தொடரும்' வந்துவிட்டதாம், சிலிர்த்ததாம். ஆனால் தன் கேள்வி அப்படியே இருக்கிறது என்கிறார். "தகவலை எடுத்துப் போகிறேன், சரி. குற்ற உணர்வையும் எடுத்துப் போகிறேனா?"

நான்கு நாளாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன். நேர்மையாகச் சொன்னால், எல்லாக் கிளையிலும் எடுத்துப் போகவில்லை. முதல் ஓட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், கடைசிக் கிளைகளுக்கு வரும்போது "இந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லையே" என்று துரோகத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். எதிரே யார் நிற்கிறார் என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. மரத்தில் காலியாக இருந்த கட்டம்தான் கண்ணில் பட்டது. ஒரு கட்டத்தில் ஒருவர் இறந்து கிடக்கிறார், நான் மனதுக்குள் "சரி, இது முடிந்தது, அடுத்தது" என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

ஆகவே ஜூன் 3இல் அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. மரப்படம் கதைக்குத் தேவைதான். ஆனால் அதே படம் மனிதர்களைக் கட்டங்களாக மாற்றுகிறது. இரண்டும் உண்மை.

ஜூன் 13

இந்த ஓட்டு 'கைதிச் சிக்கல்'தானா என்று இங்கே நடந்துகொண்டிருக்கும் சண்டைக்கு. தெரியாதவர்களுக்கு: தனித்தனியே அடைக்கப்பட்ட இரண்டு கைதிகள், மற்றவரைக் காட்டிக்கொடுப்பதா வாயை மூடிக்கொள்வதா என்று முடிவெடுக்கும் கணக்குப் புதிர் அது.

ஆம், இந்த ஓட்டு அதே கைதிச் சிக்கல்தான், கதைக்குள்ளேயே அதைப் பற்றிப் பேசுவார்கள். 1950இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் இருவரும் அமைத்த சோதனை அது. கைதிகள், சிறைத்தண்டனை என்ற கதையை மாட்டிப் பெயர் வைத்தவர் கணித அறிஞர் ஆல்பர்ட் டக்கர். ஒரே ஒரு முறை ஆடினால் துரோகம் வெல்லும். திரும்பத் திரும்ப ஆடினால் என்ன ஆகும் என்று பார்க்க ராபர்ட் ஆக்செல்ராட் கணினி நிரல்களுக்குள் போட்டி வைத்தார். முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன, இரண்டாவதற்கு 62. இரண்டிலும் வென்றது அனட்டோல் ராபபோர்ட் அனுப்பிய ஒரு சின்ன நிரல். முதலில் கூட்டு, அதன்பின் எதிராளி போன முறை என்ன செய்தாரோ அதையே திருப்பிச் செய்வது. அவ்வளவுதான் அதன் அறிவு.

அந்த நிரல் வெல்ல வேண்டுமானால் போன முறை நடந்தது நினைவில் இருக்க வேண்டும். இந்த கேமில் ஒரு கிளையில் நடந்ததை அடுத்த கிளையில் நிற்கும் டென்மியோஜியால் நினைவில் வைத்திருக்க முடியாது. மரத்தை மேலிருந்து பார்க்கும் எனக்கு அது முடியும். அவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரே முறை ஆடும் ஆட்டம். எனக்கு அது திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டம். எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் அவருடைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு ஆடுகிற மாதிரி இது.

கேள்வி கேட்டவரே, எடை எங்கே என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. பின்னால் போய் மாற்றிவிட்டேன் என்று எழுதினீர்கள். மாறியது நீங்கள் ஏமாற்றியவருக்குத்தான். நீங்கள் செய்ததை நினைவில் வைத்திருப்பது நீங்கள்தான். அதனால்தானே பத்து நாள் கழித்தும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

எதிரில் இருப்பவருக்கு நினைவே இல்லை என்று அப்படிப் பொதுவாகச் சொல்லிவிடலாமா என்றால்... வேண்டாம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஆடி முடித்தவர்களும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 15

கொஞ்சம் இளைப்பாற, பெயரைப் பற்றி.

ஜப்பானியத் தலைப்பு 'ஸென்னின் ஷிபோ தெஸு'. ஷிபோ என்பதை ஒலிக்குறி எழுத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்குச் சாவு என்றும் பொருள், விருப்பம் என்றும் பொருள். 'நல்லவர் சாகிறார்' என்றும் படிக்கலாம், 'நல்லவராக இருக்க விரும்புகிறேன்' என்றும் படிக்கலாம். இன்னும் ஒன்று: 'நல்லவர்' என்ற சொல்லைக் கொஞ்சம் மாற்றிக் காதில் வாங்கினால் 'எல்லோரும்' என்று கேட்கும். அப்போது 'அனைவரும் சாகிறார்கள்'. ஒரே வரியில் மூன்று! சிலேடையை ருசித்துப் பழகியவர்களுக்கு இது விருந்து. கூட்டு, துரோகம், கூண்டோடு சாவு என்று அந்த ஓட்டுப் பலகை முழுவதும் தலைப்பிலேயே இருக்கிறது.

ஆங்கிலத் தலைப்பிலும் இரட்டைப் பொருள் உண்டு. நன்மைக்குக் கிடைக்கும் பரிசு என்பது ஒன்று. 'கடைசிப் பரிசு' என்று அவர்கள் சாவையும் சொல்வார்கள், அது இன்னொன்று.

ஜூன் 19

புதிர்களைத் தாண்டிக் கதையை மட்டும் படிக்க முடியுமா என்று ஒருவர். முடியாது. எளிய நிலை இருக்கிறது, அதில் கூட இருப்பவர்கள் அதிகம் துப்பு கொடுப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு விலை உண்டு.

ஒவ்வொரு அறையிலும் ஒரு பெட்டகம். அதற்கு இரண்டு கடவுச்சொற்கள். பச்சை கிடைத்தால் அறையை விட்டு வெளியேறலாம். நீலம் கிடைத்தால் ரகசியக் கோப்பு ஒன்று கையில் வரும். கடின நிலையில் தீர்த்தால் அது தங்கக் கோப்பு, எளிய நிலையில் வெள்ளி. கதையில் ஓட்டமாய்ச் சொல்லிவிட்டுப் போகும் விஷயங்கள் அந்தக் கோப்புகளில் விரிவாக இருக்கும். நான் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி, அடித்து, திரும்ப எழுதி, பாதிக்கு மேல் நீலத்துக்காகத்தான் செலவழித்தேன். கேமுக்குள்ளேயே குறிப்பெழுதும் பக்கம் இருக்கிறது. எனக்கு என்னவோ காகிதம்தான் ஓடியது.

குரல் பற்றியும் கேட்டிருந்தார். எல்லோரும் பேசுவார்கள், சிக்மாவுக்கு மட்டும் குரல் இல்லை. காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

ஜூன் 24

டிஎஸ் வந்துவிட்டது. 999ஐ முதலிலிருந்து ஆடினேன், இரண்டாம் சுற்றும் முடித்தேன்.

முன்னால் அலுப்பு என்று எழுதினேன். பாதி சரி. தீர்த்த புதிரை மறுபடி தீர்ப்பது அலுப்புதான். ஆனால் இரண்டாம் முறை அதே அறைக்குள் நுழையும்போது, போன முறை இங்கே என்ன நடந்தது என்று தெரிந்தே நடக்க வேண்டியிருக்கிறது. வேகமாக ஓடும் வசனங்களுக்கு நடுவே ஒரு பெயர் கண்ணில் பட்டாலும் கை தானாக நின்றது. மரப்படத்தில் தாவியபோது இது நடக்கவில்லை. இழந்த ஒருவரைத் தாண்டிப் போக வேண்டிய தூரம் இங்கே இருக்கிறது.

அது மட்டுமில்லை. டிஎஸ்ஸின் இரண்டு திரைகளுக்கும் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. தொகுப்பில் ஒரே திரையில் அதை ஈடுகட்ட முயன்றிருக்கிறார்கள், நன்றாகவே முயன்றிருக்கிறார்கள். ஆனால் பழைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்தபோது கையிலிருந்த பொருளையே புதிதாகப் பார்த்தேன். இரவலாவது வாங்கி ஆடுங்கள்.

ஜூன் 28

மூன்றாம் பாகம் 'ஸீரோ டைம் டிலெம்மா' (2016) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒன்பது பேர், மூன்று அணி, 90 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவு அழிந்துவிடும். கதைத் துண்டுகளை வரிசை தெரியாமல் ஆட வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு காசு சுண்டுவார்கள், சிவப்பா நீலமா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் எல்லோரையும் விட்டுவிடுவார்கள், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு முதல் முறையே சரியாக வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று ஒரு நிமிடம் கலங்கிப்போனேன்.

நம் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அங்கே என் தேர்வுக்கு எடையே இல்லை, அதிர்ஷ்டம் மட்டும்தான். ஒன்பது பேர் பிழைத்தார்கள், எனக்கு ஒரு மகிழ்ச்சியும் வரவில்லை. அவர்கள் யாரையும் எனக்கு அப்போது தெரியாது.

ஜூலை 6

என் தங்கை தனியாக ஒரு சேவ் தொடங்கி வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்டை ஆட ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. நான் எதுவும் சொல்லவில்லை. முதல் பிரிவிலேயே நான் போகாத கதவில் போனாள்.

இதை எழுதுவதற்குக் காரணம் 'கே'. உடம்பு முழுக்கக் கவசம், முகம் தெரியாது. நான் ஆடிய வரிசையில் அவனைப் பாதி கேம் வரைக்கும் சந்தேகத்தோடேயே பார்த்தேன், அவன் பேசிய ஒவ்வொரு வரியிலும் பொய் தேடினேன். அவள் ஆடிய வரிசையில் அவன்தான் அவளுக்கு மிகவும் நம்பிக்கையான ஆள். நேற்று இரவு சாப்பிடும்போது இதற்காகச் சண்டை போட்டோம். இருவரும் பார்த்த காட்சிகளில் பெரும்பாலானவை ஒன்றுதான். பார்த்த வரிசை வேறு. ஒருவரை முதலில் நல்லவராகப் பார்த்துவிட்டால், அப்புறம் அவர் செய்வதற்கெல்லாம் மனம் காரணம் தேடிக் கொடுக்கிறது. முதலில் துரோகியாகப் பார்த்துவிட்டால் அவர் செய்யும் நல்லதும் நடிப்பாகத் தெரிகிறது.

எந்தக் கிளைக்கும் தாவலாம் என்று இந்த இழை தொடங்கியது. தாவலாம்தான். ஆனால் முதலில் எந்தக் கிளையில் காலை வைத்தேனோ அதை மட்டும் மாற்ற முடியவில்லை. எனக்கு டென்மியோஜி எப்போதுமே அந்த அறையில் என்னோடு இழுப்பறைகளைத் துழாவிய கிழவர்தான். அவளுக்கு அவர் யாரோ.

கேட்டவருக்கு இது போதுமா தெரியவில்லை. நீங்கள் முதலில் எந்தக் கதவில் போனீர்கள், யாரோடு போனீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜூலை 9

தங்கையின் திரையில் 'தொடரும்' விழுந்து இரண்டு நாளாகிறது. ஒரு கடவுச்சொல்லில் நிற்கிறாள். காலையில் என் நோட்டுப் புத்தகம் மேசையில் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தது, ஆனால் திறக்கவில்லையாம். இப்போது மரப்படத்தைத் திறந்து, கே இருக்கும் ஒரு பழைய கிளைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறாள்.